கேடயம் வாங்கியவர்

பக்கவாதத்தில் பேச்சு குழறிப்போன மீரான், பேச்சுப் பயிற்சிக்கு ஒரு நாள்கூட வரவில்லை. அவர் மனைவி ஜீனத் மட்டும் தில்லை நகர் கிளினிக்குக்கு மறுபடி வந்திருந்தார்.

“இப்ப நல்லா பேசுறாருங்க மேடம். ஆன்லைன் கேம்ல வாள், கேடயமெல்லாம் செஞ்சு விக்கிறாரு. வாங்குற ஒருத்தர் மட்டும் டைப் பண்ணினா ஒத்துக்க மாட்டாராம். விலையை வாய்விட்டுச் சொல்லணுமாம். தினமும் பேரம்தான்! யாரோ எவரோ, அல்லாஹ் அவரை நல்லா வைக்கணும்.”

பயிற்சியாளர் பிரேமலதா சிரித்தாள்.

“போன தடவை நீங்க கேம் பேரைச் சொன்னதும் நானும் சேர்ந்துட்டேம்மா. நேத்து கேடயத்துக்கு விலையைக் குறைக்கச் சொன்னேன். ‘கட்டுப்படியாகாதுங்க’ன்னு குழறாம சொன்னாரு. அந்தச் சந்தோஷத்துல கேட்ட விலைக்கே வாங்கிட்டேன்.”

ஜீனத் அவள் கைகளை இறுகப் பற்றிக்கொண்டார்.