பின் சீட்டுக்கு அடியில்

பூபாலனைச் சுடத்தான் சுந்தரம்மாள் துப்பாக்கி கொண்டுவந்திருக்கிறாள் என்று கம்பெனி முழுக்கப் பேச்சாகிவிட்டது. சூப்பர்வைசர் பூபாலனும் அதை நம்பினான். காலையிலிருந்து மேனேஜர் விஜயராஜின் அறையை விட்டு அவன் நகரவே இல்லை.

"நேத்து எல்லார் முன்னாடியும் கொஞ்சம் சத்தம் போட்டேன் சார். கவனமே இல்லாம தையல் பூரா கோணலா போட்டு வெச்சிருந்தா. அதுக்குப் போய் துப்பாக்கியா?"

மேசை மேல் அது கிடந்தது. பழைய புடவையில் சுற்றி, ஆம்னி வண்டியின் பின் சீட்டுக்கு அடியில் செருகியிருந்ததை வாட்ச்மேன் ராஜாக்கண்ணு கண்டுபிடித்திருந்தார். மலையில் காட்டுப்பன்றி விரட்ட வைத்திருப்பார்களே, அந்த மாதிரி நீளத் துப்பாக்கி.

எதிரே சுந்தரம்மாள் நின்றாள். ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவள். ஜவ்வாது மலையிலிருந்து காலையில் பஸ்ஸை நம்பி வேலைக்கு வர முடியாது. அதனால் புருஷன் சடையனின் ஆம்னியை அவளே ஓட்டிக்கொண்டு, ஊர்ப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு ஒடுகத்தூர்ப் பக்கம் இறங்கி வருவாள். சாயங்காலம் வரை வண்டி கம்பெனி ஷெட்டில் நிற்கும்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவமானத்தில் சுந்தரம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"இன்னா சுந்தரம்மா இது?" என்றார் விஜயராஜ்.

"லைசென்ஸ் இருக்குது சார். எங்க வூட்டுக்காரரு பேர்ல."

"அவரு பேர்ல இருந்தா நீ எதுக்கு எடுத்துனு வர்ற?"

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பூபாலனையும் கண்ணாடிக் கதவையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். வீட்டுக்குள் நடப்பதை நாலு பேர் காதில் போட அவளுக்குக் கூச்சம்.

"எத்தினி நாளா வண்டியில கெடக்குது?"

"அவரு புளியமரத்துலேர்ந்து வுயுந்ததுலேர்ந்து சார். இடுப்பு போயிடுச்சி. கோல ஊனிக்கினு வூட்டோட கெடக்கறாரு."

விஜயராஜுக்கு உடனே விளங்கிவிட்டது. அவருக்கு எதுவும் சீக்கிரமாகவே விளங்கிவிடும். "ஓகோ. அவரால முடியலன்னு நீ வழியில முயல் கியல் அடிக்கக் கெளம்பிட்டியா? ஃபாரஸ்ட்காரங்க புடிச்சா இன்னா ஆவும் தெரியுமா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல சார்."

"எதுவோ இருக்கட்டும். காம்பவுண்டுக்குள்ள ஆயுதம் வரக்கூடாது. வண்டியில பூட்டி வெச்சாலும் கூடாது. ரூல்படி பாத்தா உன்ன இன்னிக்கே அனுப்பிடணும்."

சுந்தரம்மாளுக்கு முகம் வெளுத்தது. இந்த வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. கூட வரும் பெண்களுக்கும் வண்டி இல்லாமல் போகும்.

மெல்லக் கேட்டாள். "வந்ததும் உங்க பீரோவுல குடுத்துடட்டுமா சார்? வூட்டுக்குப் போகசொல்ல வாங்கிக்கறேன்."

பூபாலன் சிரித்துவிட்டான். "இது இன்னா, போலீஸ் ஸ்டேஷனா? அங்க போய் ஒப்படைக்க வேண்டியதுதானே?"

"அவருதான் வந்து குடுக்கணுமாம். எவ்ளோ சொன்னாலும் வர மாட்டேங்கறாரு."

விஜயராஜ் கை காட்டி நிறுத்தினார். அவர் இரக்கப்பட்டுத்தான் பேசினார், அதில் பொய் இல்லை. "இதோ பாரு. போலீசுக்குச் சொல்லல, மெமோ குடுக்கல. இப்பவே எடுத்துனு போய் வூட்ல வெச்சிட்டு வா. இனிமே இது வூட்ட வுட்டு வெளிய வரக்கூடாது."

புடவையை மறுபடி சுற்றி எடுத்தவள் கதவு வரை போய், அவர் பீரோவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மாட்டிக்கொண்ட பயம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். "பக்குவமா சொன்னா கேட்டுக்கறாங்க பாத்தியா?" என்று பூபாலனிடம் பெருமையடித்துவிட்டு, விஜயராஜ் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஆபீசுக்குப் போன் வந்தது. சடையன் செத்துவிட்டான், சுந்தரம்மாளை உடனே அனுப்புங்கள் என்றார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை.

இந்த நிலையில் அவள் மலைப்பாதையில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று விஜயராஜே தன் காரில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அவர் ஆறுதலாக எதையெதையோ சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் கூட்டம். நடுவில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். அவர் காலடியில், காலையில் விஜயராஜின் மேசை மேல் இருந்த அதே பழைய புடவை பிரிந்து கிடந்தது.

விஜயராஜ் காரை ஒட்டியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, உன் வூட்டுக்காரரு ஏற்கெனவே ஒரு தடவ தானா சாவப் போன ஆளுன்னு ஊரே சொல்லுது," என்றார் போலீஸ்காரர். "சாமை மூட்டைக்குப் பின்னாடி ஒளிச்சி வெச்சா கண்டுபுடிக்க மாட்டாரா? தெரிஞ்சிருந்தும் துப்பாக்கிய வூட்ல வெப்பியா?"

அவள் தன்னைக் கை காட்டுவாள் என்று விஜயராஜ் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது. காட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

சுந்தரம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"என் தப்புதான் சார். தெனமும் என்கூடவே வண்டியில எடுத்துனு பூடுவேன், இன்னிக்குதான் வூட்ல வெச்சேன்."