இடப்பக்கத்துப் பெண்

“சார், உங்களையும் விடலையா?”

கல்லூரி மாணவன் சோஹெய் கேட்டதும், பக்கத்தில் நின்ற நிவா அசடு வழியச் சிரித்தார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒசாகாவின் அந்த விளையாட்டுக் கூடத்தில், ஸ்டிக்கர் போட்டோ எடுக்கும் பகுதிக்கு முன்னால், ‘பெண் துணையில்லாத ஆண்களுக்கு அனுமதி இல்லை’ என்ற பலகை நந்தி மாதிரி குறுக்கே நின்றது.

“என் பொண்ணு வந்தாத்தான் உள்ளே போகலாம் தம்பி. நீங்க?”

“நானும் ஒரு பொண்ணுக்காகத்தான் நிக்கறேன். பேருகூடத் தெரியாது.”

“அட!”

சோஹெய் தன் போனைத் திருப்பிக் காட்டினான். அதன் உறைக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்டிக்கர். அதில் இரண்டு பெண்கள். போட்டோ மெஷினின் கைங்கரியத்தில் இருவருக்கும் கோலிக்குண்டுக் கண்கள், பால் போன்ற கன்னம், கூரான மோவாய். குறுக்கே, ‘அடுத்த சனிக்கிழமையும் மூணு மணிக்கு!’ என்று ரோஸ் நிறத்தில் கிறுக்கியிருந்தது.

“போன வாரம் எங்க அக்காகூட வந்தப்ப, ஸ்டிக்கர் வெட்டற மேஜையில இது கிடந்துச்சு. அன்னிலேர்ந்து சோறு இறங்கலை சார். இன்னிக்கு மனசுல இருக்கறதைச் சொல்லிடப்போறேன்.” சட்டைப்பையில் இருந்த கடிதத்தைத் தட்டிக்கொண்டான்.

நிவா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். முகம் கறுத்தது.

“தம்பி, வலப்பக்கம் இருக்கறது என் பொண்ணு கொஹரு.”

சோஹெய் வெலவெலத்துப்போய் இடுப்பு வரை குனிந்தான்.

“மன்னிச்சிடுங்க சார்! சத்தியமா அவங்க இல்லை. இடப்பக்கம் இருக்கறவங்க! அந்தக் குட்டை முடி, அந்த வெட்கச் சிரிப்பு... உங்க பொண்ணோட ஃப்ரெண்டா சார்? கொஞ்சம் சொல்லி வைங்களேன்!”

நிவாவின் காது மடல் சிவந்தது. “அது... சரிப்படாது தம்பி.”

“ஏன் சார், வேற ஆள் இருக்கா?”

“கல்யாணமே ஆயிடுச்சு.”

“ஐயோ! இந்தச் சின்ன வயசுலயா?”

நிவா சொரசொரத்த தாடையைத் தேய்த்துக்கொண்டார். அதற்குள் கொஹரு மூச்சிரைக்க ஓடி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சாரிப்பா, ரயிலை விட்டுட்டேன்! வாங்க. இன்னிக்காவது வெட்கப்படாம நில்லுங்க. போன வாரம் எடுத்ததுல என்னைவிட நீங்கதான் அழகா இருக்கீங்கன்னு அம்மா ஒரே கேலி!”