வளையாத பந்து

இரண்டு பந்துகளும் மரத்துக்குப் பின்னால், அடர்ந்த புல்லுக்குள், கையகலத் தூரத்தில் கிடந்தன.

கிளப் கோல்ஃப் போட்டியின் கடைசிக் குழி. இதை வெல்பவருக்குக் கோப்பை. மோதுவது புருஷனும் பெண்டாட்டியும்.

அவர் குனிந்து புல்லை விலக்கினார். மட்டையைப் பிடித்தார். கயிற்றுக்கு அப்பால் கூட்டம் மூச்சுவிடவில்லை.

அவர் அடிக்கும்போது மட்டும்தான் இந்த மரியாதை. அவள் அடிக்கும்போது ஆளாளுக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். நேராகப் போகும் பந்தில் பார்க்க என்ன இருக்கிறது?

புதுப் பந்துகள் வந்தபோது உள்ளூர மகிழ்ந்தவள் அவள் ஒருத்திதான். எவ்வளவு சுழற்றி அடித்தாலும் அவை பழைய பந்துபோல வளைவதில்லை. கிளப்பே அவற்றுக்கு மாறியது. அவர் மட்டும் மெல்லிய தோல் போர்த்த பழைய பந்துகளைத் தேடித் தேடி வாங்கினார்.

அப்போதே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வளைவது பந்தின் குணம், இவர் திறமை இல்லை. அந்த நினைப்பில்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

பந்து கிளம்பியது. மரத்துக்கு வலப்பக்கமாகப் போனது. பாதியில் மனம் மாறியதுபோல இடப்பக்கம் திரும்பி, கொடிக்கம்பத்தின் காலடியில் போய் உட்கார்ந்தது.

கைதட்டல்.

தன் முறைக்கு அவள் புல்லை விலக்கினாள். கிடந்தது பழைய பந்து. அவருடையது.

அப்படியென்றால் அவர் அடித்தது அவளுடைய புதுப் பந்தை.

இந்தப் போட்டியில், அடுத்தவர் பந்தை முதலில் அடித்தவருக்கு அந்தக் குழி தோல்வி. அவள் வாயைத் திறந்தால் கோப்பை அவளுக்கு. ஆனால் வளையாத பந்தையே இந்த மனுஷர் வளைத்துவிட்டார் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

அவள் வாயைத் திறக்கவில்லை. பழைய பந்தையே ஓங்கி அடித்தாள். அது கோணிக்கொண்டு போய்ப் புதரில் விழுந்தது. தொலையட்டும்.

அவர் கொடிக்கம்பத்தருகே குனிந்து பந்தைப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தார்.

"ஏம்ப்பா, நான் அடிச்சது எங்க வீட்டம்மா பந்து! கோப்பை அவளுக்குத்தான், எழுதிக்கோங்க!"

கூட்டத்துக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புதுப் பந்தா! அப்புறம் எழுந்த கைதட்டலுக்கு முன்னால் முந்தையது ஒன்றுமே இல்லை. அவள் கோப்பையை வாங்கியபோதும் அது அவருக்காகத்தான் ஒலித்துக்கொண்டிருந்தது.

இன்று வீடு நிறைய ஆட்கள். அவர் போய்ச் சேர்ந்த துக்கம் கேட்க வருகிறவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வளைவைப் பற்றியே பேசுகிறார்கள். அதுவும் கோப்பைக்கு முன்னால் நின்றுகொண்டு. அதில் பொறித்திருப்பது அவள் பெயர் என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அவளுக்கு வயிறு எரிகிறது.

உள்ளே போய் அவரை நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டாள்.