பல்லி அடிக்கும் ஹஜ்ஜா

மிஷ்மிஷைக் காணோம்.

புழுத் தட்டை வைத்துவிட்டு, கண்ணாடித் தொட்டியின் மூடியைச் சரியாகப் போடாமல் வேலைக்குப் போனது நெர்மீன்தான். அவள் மிஷ்மிஷ் என்று பெயர் வைத்துச் சிறுத்தைப் பல்லி வளர்க்க ஆரம்பித்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வயிற்றுக்கடியில் சூடு வேண்டும், தோல் உரிக்க ஈரமான மறைவிடம் வேண்டும் என்று ராப்பகலாகப் படித்துத் தேறியவள், போயும் போயும் ஒரு மூடியில் கோட்டை விட்டாள்.

உப்பில் பல்லி வாய் வைத்தால் குஷ்டம் வரும் என்று பயப்படுகிற கெய்ரோவில், காசு கொடுத்துப் பல்லி வாங்கியவளைக் கட்டிடமே கிண்டலடித்தது. புள்ளி போட்டிருந்தாலும் பல்லி பல்லிதானே என்றார்கள்.

அந்தக் கட்டிடத்தில் எந்த வீட்டில் பல்லி தெரிந்தாலும் ஹஜ் போய்வந்த நாலாம் மாடி ஹஜ்ஜா இன்ஸாஃபுக்குத்தான் ஆள் போகும். போஸ்டாபீஸ் கவுண்டரில் ஊரையே அதட்டுகிற அந்த அம்மாள், கையில் செருப்போடு வருவார். எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார். பட் பட்டென்று சத்தம் கேட்கும். கந்தல் துணியைச் சுருட்டிப் பிடித்தபடி வெளியே வந்து, முடிஞ்சுது என்பார். அவ்வளவுதான்.

வேலையிலிருந்து திரும்பிய நெர்மீன் வீடு முழுக்கத் தேடிவிட்டுப் படிக்கட்டுக்கு வந்தாள். எதிர்வீட்டு சோஹைர் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். முறத்தில் ஒரு தடித்த வால். மஞ்சளில் கருப்புப் புள்ளி. இன்னும் லேசாகத் துடித்தது.

"எங்க பாத்ரூம்ல இருந்துச்சுடீ. நல்லவேளை, ஹஜ்ஜா வீட்ல இருந்தாங்க," என்றவள், நெர்மீனின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நெர்மீனுக்கு அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. மூச்சிரைக்கப் படியேறி ஹஜ்ஜாவின் கதவைத் தட்டினாள்.

"வாயில்லா ஜீவன அடிச்சுக் கொல்ல எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?"

ஹஜ்ஜா பதிலுக்கு அதட்டவில்லை. "மெதுவா பேசு மகளே. ஏற்கெனவே அரண்டு போயிருக்கு," என்று அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

சமையல் மேடையில் ஒரு பிஸ்கட் டின். அதன் கீழே துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில். டின்னுக்குள் வால் மட்டும் இல்லாமல் மிஷ்மிஷ் உட்கார்ந்திருந்தது. வயிறு ஏறி இறங்கியது.

நெர்மீன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன வால் மறுபடி முளைக்கும் என்று படித்திருந்தாள். உயிர் இருக்கிறதே, அது போதும்.

"துணியப் போட்டதும் பயத்துல வால விட்டுருச்சு, கோச்சுக்காத. நம்ம ஊர் வீட்டுப் பல்லிங்களுக்கு இமை கிடையாது. இது என்னப் பாத்துக் கண்ண மூடித் தொறந்துச்சு. அப்பவே உன்னோடதுன்னு புரிஞ்சுபோச்சு. சூடு வெச்சுக் குடுத்துட்டுச் சொல்ல வர்றதுக்குள்ள நீயே வந்து நிக்கற."

"அப்ப அந்தச் செருப்புச் சத்தம்?"

"எல்லா அடியும் தரைக்குத்தான்."

பிடித்ததையெல்லாம் மொட்டை மாடியில் புறாக்கூண்டுக்குப் பின்னால் விட்டுவிடுவாராம். இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூட அடித்ததில்லையாம். கீழே போய் யாரிடமும் உளறிவிடாதே என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். இவரையா திட்ட வந்தோம் என்று நெர்மீனுக்கு வெட்கமாக இருந்தது.

"கொல்ல மனசு வராதுன்னா, எனக்கு முடியாதுன்னு சொல்லிடலாமே ஹஜ்ஜா. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஏன் மொத ஆளா ஓடுறீங்க?"

ஹஜ்ஜா டின்னைத் துணியோடு எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"நான் போகலைன்னா, நெஜமாவே அடிக்கிறவங்க யாராவது போவாங்களே."