பல்லி போட்ட டிவி

அந்த வீட்டுக்காரர் உச்சுக்கொட்டினால் போதும், அலமாரியிலிருக்கும், சத்தம் கேட்டு வேலை செய்யும் குரல்பெட்டி டிவிக்கு உத்தரவு அனுப்பிவிடும். டிவி ஓடத் தொடங்கும். இன்னொரு தரம் கொட்டினால் படம் மாறும்.

ஒரு மழைச் சாயங்காலம் வீட்டில் யாருமில்லை. சுவரில் ஒட்டியிருந்த ஆண் பல்லி, பசியில் தன்பாட்டுக்கு உச்சுக்கொட்டியது. டிவி பளிச்சென்று ஒளிர்ந்து, சமையல் நிகழ்ச்சி ஓடியது.

"பாத்தியா? நான் சொன்னேன், அது கேட்டுச்சு" என்றது பெண் பல்லியிடம்.

வெளிச்சத்துக்கு ஈசல்கள் வந்து திரையில் மொய்த்தன.

"நல்லதாப் போச்சு. வாங்க சாப்பிடலாம்" என்றது பெண் பல்லி.

"இரு, ஒரே ஒரு தடவை."

உச்சுக்கொட்டியதும் சமையல் போய்க் கிரிக்கெட் வந்தது. ஈசல்கள் மிரண்டு பறந்து, திரும்ப உட்கார்ந்தன. மறுபடி கொட்டியது. கிரிக்கெட் போய்க் கல்யாணம் வந்தது. ஆண் பல்லிக்குத் தலைகால் புரியவில்லை. வால் தானாகத் துள்ளியது. அது கொட்டிக்கொண்டே இருந்தது.

பெண் பல்லி திரையோரமாக நின்று வயிறு முட்டத் தின்றது. மழை விட்டது. மிஞ்சிய ஈசல்களும் ஜன்னல் வழியே போய்விட்டன.

"உங்களுக்குப் பசிக்கலையா?"

"பசிக்கத்தான் செய்யுது. ஆனா இந்த வீட்டுல நான் சொல்லி ஒண்ணு கேக்கறது இதுதான் முதல் தடவை" என்ற ஆண் பல்லி, அடுத்த படத்துக்கு உச்சுக்கொட்டியது.