இரண்டு வோட்டு

“உங்கட பெடியன் எத்தினையாம் வகுப்பு, அக்கா?”

“வகுப்பெண்டு ஒண்டுமில்லை, தம்பி. தனி வகுப்பு. அவருக்குப் பேச்சு வராது.”

கீர்த்திகன் தலையசைத்தான். ஆங்கிலப் பள்ளிக்கூடச் சபைத் தேர்தலில் அவன் வேட்பாளர். லாசால் பகுதியில் தமிழ் வீடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள் சட்டப்படி பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும்; அந்தப் பெற்றோருக்கு இந்தத் தேர்தலில் வாக்கில்லை. காலையிலிருந்து தட்டிய கதவுகளெல்லாம் ‘எங்கட பிள்ளை பிரெஞ்சு’ என்று சொல்லிச் சாத்திக்கொண்டன. இந்த ஒரு கதவுதான் திறந்து தேத்தண்ணியும் தந்தது.

“உங்கட கோட்டைப் பாத்து வீட்டுச் சொந்தக்காரனெண்டு பயந்திட்டன்” என்றாள் செல்வமலர். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் அவளுக்குக் காலை வேலை. சீருடையை இன்னும் மாற்றவில்லை.

“இங்கிலீஷ் பள்ளிக்கூடம் எப்பிடிக் கிடைச்சது?”

“ரெண்டு பாஷை அவருக்கு ஏலாதெண்டு டொக்டர் சொன்னவர். பிறகுதான் இங்கிலீஷில சேக்க விட்டவை. சரி, மகன்ர பஸ் வாறதுக்குள்ள சொல்லி முடியுங்கோ. என்ன செய்யப் போறியள்?”

“முதலாவது, பஸ். ஒரு பிள்ளையும் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல பஸ்ஸில இருக்கக்கூடாது.”

“ஐயோ, அவருக்கு பஸ்தான் விருப்பம். அதில இருந்தா சத்தமே போடமாட்டார்.”

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு மஞ்சள் பஸ் ஒட்டியிருந்தது. மெழுகுக் கட்டியால் கிறுக்கிய படம். சக்கரங்கள் ஆகாயத்தில் இருந்தன.

கீர்த்திகன் சிரித்தான். “முதல் கொள்கையிலயே விழுந்திட்டன். ரெண்டாவதைக் கேளுங்கோ. தனி வகுப்புகளில ரெண்டு பிள்ளைக்கு ஒரு உதவியாளர்.”

செல்வமலர் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

“சப்பாத்துக் கட்டிவிடுவினமோ?”

“கட்டிவிடுவினம்.”

“சாப்பாடு தீத்திவிடுவினமோ?”

“அதுக்குத்தானே ஆள்.”

“எப்பயிருந்து?”

“நாங்கள் வெண்டா, வாற செப்டம்பர்.”

“செப்டம்பர்” என்றாள். “முந்தி ஏலாதோ?”

“அவசரப்பட்டா நடக்காது அக்கா. சபையில எல்லாரையும் சம்மதிக்கப் பண்ண வேணும். ஆக்கள் எடுக்க வேணும்.”

“பள்ளிக்கூடத்தில எத்தினை வயது மட்டும் வச்சிருப்பினம்?”

“இப்பிடியான பிள்ளையளை இருபத்தொரு வயது வரைக்கும். அதில ஒருத்தரும் கை வைக்கேலாது.”

“அதுக்குப் பிறகு?”

“இப்பவே அதை யோசிக்கிறியளோ?” அவன் கோப்பையைக் கீழே வைத்தான். “அது பேந்து பாப்பம், அக்கா.”

“அவர் பள்ளிக்கூடம் போனாத்தான் நான் வேலைக்குப் போகலாம், தம்பி. வீட்டில தனிய விடேலாது. அதுதான் கேட்டனான்.”

“விளங்குது. அதுக்குத்தான் இதைப் போட்டனாங்கள்.”

அவன் துண்டுப் பிரசுரத்தை நீட்டினான். அவனுடைய படத்துக்குக் கீழே தமிழிலும் ஒரு வரி இருந்தது. ‘ஒரு பிள்ளையும் வெளியில் நிற்காது.’ செல்வமலர் விரல் வைத்து அதை வாசித்தாள். பிறகு மறுபடியும் வாசித்தாள்.

“வடிவாத்தான் எழுதியிருக்கிறியள்.”

“இந்த வீட்டில எத்தினை வோட்டு, அக்கா?”

“ரெண்டு. ரெண்டும் உங்களுக்குத்தான்.”

அவனுக்கு அந்த நாளே வெளிச்சமானது. வாசலோரம் ஒரு சோடி பெரிய குளிர்காலச் சப்பாத்துகள் இருப்பதைப் பார்த்தான்.

“அப்ப அண்ணையிட்டையும் என்னைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ.”

செல்வமலர் எழுந்தாள். யன்னலை எட்டிப் பார்த்தாள். “பஸ் வந்திட்டுது” என்று ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு படிகளில் விரைந்தாள். கீர்த்திகனும் பின்னால் இறங்கினான்.

கட்டடத்தின் முன்னால் சிறிய மஞ்சள் பஸ் நின்றது. காற்றில் சருகுகள் அதன் அடியில் ஓடின. கீர்த்திகன் பையைத் துழாவி, பிள்ளைகளுக்கென்று தன் பெயர் போட்டு அடித்த பென்சில் ஒன்றை எடுத்தான்.

“பேர் என்ன?”

“மிதுசன்.”

பஸ்ஸின் கதவு மடிந்து திறந்தது. கீர்த்திகன் ஒரு பிள்ளையின் உயரத்துக்கு முழங்காலை மடித்துக் குந்தி, பென்சிலை நீட்டிக்கொண்டு, “ஹலோ மிதுசன்!” என்றான்.

அவன் கண்ணுக்கு நேரே ஒரு பெரிய சப்பாத்து வந்து இறங்கியது. நூல் அவிழ்ந்திருந்தது.

அவன் அண்ணாந்து பார்த்தான். முதுகில் நாய்க்குட்டிப் படம் போட்ட புத்தகப் பை. முகத்தில் அடர்ந்த தாடி. எழுந்து நின்றாலும் கீர்த்திகன் அந்தத் தோளுக்குத்தான் வருவான். பெரிய கை ஒன்று பென்சிலை வாங்கி முகர்ந்து பார்த்தது.

செல்வமலர் கீர்த்திகனுக்குப் பக்கத்தில் குனிந்து அந்தச் சப்பாத்து நூலைக் கட்டத் தொடங்கினாள்.

“இவர்தான் தம்பி, மற்ற வோட்டு” என்றாள், நிமிராமல். “வாற ஜூனில இருபத்தொண்டு.”