வீணாகாதவை

ஆற்றங்கரையில் இடித்த வீடுகளின் செங்கல், ஜன்னல், கதவுகளை வைத்தே கட்டிய உணவகத்துக்கு அன்று திறப்பு விழா. "ஒரு ஆணியைக்கூட நாங்க வீணாக்கலை," என்று வாசலில் நின்று மைக்கில் சொன்னார் முதலாளி. எல்லோரும் கைதட்டினார்கள். அங்கே பாத்திரம் கழுவச் சேர்ந்திருந்த பவுனம்மா ஈரக்கையோடு வெளியே வந்து வாசல் கதவைப் பார்த்தாள். அவள் வீட்டுக் கதவு. எலி கடித்த மூலையில் அவளே அடித்த தகரம்கூட அப்படியே இருந்தது. இடிக்க வந்த அன்று அதைக் கீறல் படாமல் கழற்றி, சாக்கு சுற்றி, நான்கு பேர் தாங்கிப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். படுத்த படுக்கையாக இருந்த அவள் புருஷன் மாசிலாமணியை ஒருவனே கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போட்டான். வெயிலில் கிடந்தவர் அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

"இங்க என்னம்மா வேலை? உள்ள போ," என்று அதட்டினார் மேலாளர்.

"உள்ளதான் போறேன்."

உள்ளே போனவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். விருந்தினர்கள் வெளியிலேயே நின்றார்கள். முதலில் விரலால் தட்டினார்கள், பிறகு உள்ளங்கையால், பிறகு ஓங்கி.

"எவன்டா அது," என்று உள்ளிருந்து கத்தினாள் பவுனம்மா, "என் வீட்டை இடிக்கிறது?"